நியூட்ரலில் எதற்கு ஃபியூஸ்?

திட்டக்குடிப் பக்கம் பழைய வீடுகளின் மெயின் போர்டில் இன்றும் இரண்டு பீங்கான் ஃபியூஸ்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று பேஸுக்கு, மற்றது நியூட்ரலுக்கு. பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்தில் இருப்பதால் அந்த வெள்ளைக் கட்டை எங்களுக்கு ரொம்பப் பழக்கம். அதன்மேல் எனக்குக் குறையில்லை. நியூட்ரலில் மாட்டியிருப்பதுதான் பயமாக இருக்கிறது.

"நியூட்ரல்தானே, அதுல கரண்ட் இருக்காது" என்கிறார்கள். இருக்கும். பேஸில் வரும் கரண்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் திரும்புகிறது. எர்த் கம்பிதான் வேறு. ஏதாவது கசிந்தால் ஒழிய அதில் கரண்ட் ஓடக் கூடாது.

நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் என்ன ஆகும்? ஃபேன் நிற்கும், விளக்கு அணையும். கரண்ட் போய்விட்டது என்று நினைப்போம். ஆனால் பேஸ் 230 வோல்ட்டோடு அப்படியே நிற்கிறது. சுவிட்ச் போட்டபடி இருந்தால், பல்பு வழியாக நியூட்ரல் கம்பியிலும் அது வந்து காத்திருக்கும். ஹோல்டரில் கை வைப்பவர் கதி?

அதனால்தான் 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 32-ஆவது விதி, எர்த் செய்த நியூட்ரலில் ஃபியூஸ் போன்ற கட்அவுட்டும் தனி சுவிட்சும் கூடாது என்றது. பேஸையும் சேர்த்து ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்சுக்கு மட்டுமே அனுமதி.

உங்கள் வீட்டில் அந்த இரண்டாவது ஃபியூஸ் இருந்தால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எடுத்துவிட்டு உருகாத நேரடி இணைப்பான நியூட்ரல் லிங்க் போடச் சொல்லுங்கள். அப்படியே, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும்.