ஒரே தாளில் இன்னோர் எண்

இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நம் பெண்மக்கள் முதலில் தேடுவது ஹீமோகுளோபின் அளவைத்தான். அது 12 கிராமுக்குக் குறையவில்லை என்றால், "அல்ஹம்துலில்லாஹ்" என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அதே தாளில் சில வரிகளுக்குக் கீழே ஆர்.டி.டபிள்யூ. என்றோர் எண் உண்டு. இரத்தச் சிவப்பணுக்கள் அளவில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அது காட்டுகிறது. ஏறத்தாழ 11.5 முதல் 14.5 சதவீதம் வரை இயல்பு என்பர். ஆய்வுக்கூடத்திற்கு ஏற்பச் சற்று மாறும்.

2023-ஆம் ஆண்டு, இரண்டாவது பேறுக்குப் பின் என் மருமகளுக்குப் படியேறினாலே மூச்சு வாங்கிற்று. உறவினர் சிலர் அதைச் சோம்பல் என்றனர். ஹீமோகுளோபின் 12.1 இருந்தது அவர்களுக்குச் சாதகமாயிற்று. மருத்துவரோ ஆர்.டி.டபிள்யூ. 17 என்றிருந்ததைச் சுட்டிக்காட்டி, ஃபெரிட்டின் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். உடலின் இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய வற்றியிருந்தது.

அவர் விளக்கியது இது: சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். இரும்புச்சத்து குன்றும்போது புதிதாகப் பிறக்கும் அணுக்கள் சிறுத்துவிடுகின்றன. முன்பே பிறந்த இயல்பான அணுக்களும் அவற்றோடு கலந்து ஓடுவதால் எண் உயர்கிறது. ஹீமோகுளோபின் இறங்குமுன்பே இது தென்படுவதுண்டு.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அந்த எண் 19 ஆயிற்று. மருமகள் கலங்கிப்போனாள். "நல்ல அணுக்கள் பிறந்து, பழைய சிற்றணுக்களோடு கலக்கின்றன, இது தேறுவதன் அடையாளம்" என்றார் மருத்துவர். அவ்வாறே சில மாதங்களில் அது 14-க்கு இறங்கியது, மூச்சிரைப்பும் நீங்கியது.

எனினும் இவ்வெண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரலாகாது. அணுக்களின் சராசரி அளவைக் கூறும் எம்.சி.வி.யோடு சேர்த்தே படிக்க வேண்டும். பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் ஆர்.டி.டபிள்யூ. உயரும், அப்போது அணுக்கள் பெருத்திருக்கும். அணுக்கள் யாவும் ஒரே சீராகச் சிறுத்து, ஆர்.டி.டபிள்யூ. இயல்பாக இருப்பின், பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு உண்டா என்று மருத்துவர் ஆராய்வார். அதற்கு இரும்பு மாத்திரை மருந்தாகாது. கணவன், மனைவி இருவரிடமும் அக்கூறு இருப்பின், ஒவ்வொரு கருவிலும் குழந்தைக்குக் கடும் தலசீமியா வரும் வாய்ப்பு 25 சதவீதம். உறவுக்குள் மணம் பேசும் குடும்பங்கள் நிக்காஹ்வுக்கு முன்பே இதைச் சோதித்தறிதல் நலம்.

மருத்துவம் நாடுவது தவக்குலுக்கு மாறானதன்று. வீட்டுப் பெண் களைப்பென்று சொன்னால், அச்சொல்லை நம்பி, அறிக்கையை முழுமையாக மருத்துவரிடம் காட்டுங்கள். அல்லாஹ் நம் இல்லங்களுக்கு நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.