நகாமா எண்டால் கூட்டாளிதானே?

ஸோரோவின் பெயரை ஆங்கிலத்தில் ஸோலோ என்று அச்சடித்தவர்களை மன்னிக்கலாமா, கூடாதா என்பதில்தான் எங்கட சண்டை எப்பவும் தொடங்கும். ‘வன் பீஸ்’ வாசிக்கிற ஆக்களுக்கு இது பழைய கதை. வாசிக்காத ஆக்களுக்காக இரண்டு வரி: எய்ச்சிரோ ஓடா 1997 யூலையில் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடங்கிய மங்கா இது. ரப்பர் உடம்புக்காரப் பொடியன் லூஃபி, கடற்கொள்ளையர்களின் அரசனாக வேணும் எண்டு ஒரு சின்னப் படகில் புறப்படுகிறான். நூறு தொகுதிகளைத் தாண்டியும் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான். அவனோடு முதலாவதாகச் சேர்கிற வாள்வீரன்தான் ஸோரோ.

அமெரிக்காவின் விஸ் மீடியா வெளியிடும் அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பில் அவன் நெடுங்காலமாக ஸோலோ. முகமூடி போட்ட அந்தப் பழைய ஹொலிவூட் ஸோரோவின் பெயர் உரிமையோடு முட்டக்கூடாது எண்டுதான் மாற்றினார்கள் என்பது வாசகர்களிடையே பரவலான விளக்கம். பிறகு 2023இல் நெட்ஃபிளிக்ஸ் எடுத்த தொடரில் அவன் ஸோரோவாகவே வந்து இறங்கினான். ஒரு பிரச்சினையும் வரேல்ல. அதற்குப் பிறகு ஸோலோ கட்சிக்கு எங்களுக்குள் ஆளே இல்லை.

ஆனால் இந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு முழு மொழிபெயர்ப்பையும் குப்பை என்று தள்ளுவது நியாயமில்லை எண்டுதான் எங்களுக்குப் படுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லவேணும். எங்களில் ஒருத்தருக்கும் யப்பானிய மொழி தெரியாது. எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒருத்தி இருக்கிறாள், அவ்வளவுதான். எங்கட ஆங்கிலமும் பள்ளிக்கூட ஆங்கிலம், யூரியூப் ஆங்கிலம். அப்பிடியெண்டால் மொழிபெயர்ப்பைப் பற்றி எப்பிடிக் கதைக்கிறம்? இரண்டு ஆங்கிலப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறம். ரசிகர்கள் தாங்களே செய்து விடுகிற ஸ்கான் ஒன்று, அதிகாரபூர்வமானது மற்றது. பிறகு அனிமேயில் அந்தக் கட்டத்தை யப்பானியக் குரலோடு கேட்கிறம். மூன்றும் மூன்று திசையில் இழுக்கிற இடத்தில் ஏதோ ஒன்று வழியில் விழுந்திருக்கிறது எண்டு விளங்கும்.

ஸ்கான்காரர் வியாழன், வெள்ளியிலேயே வாசித்து முடித்து மற்ற ஆக்களுக்குக் கதையைச் சொல்லிக் கெடுப்பினம். மற்றப் பக்கத்தில் ஞாயிறு இரவு எட்டரைக்காகக் காத்திருக்கிற கூட்டம். யப்பானில் திங்கள் பிறக்கிற நேரம் எங்களுக்கு ஞாயிறு எட்டரை. 2019இல் ஷுவேஷா நிறுவனமே ‘மங்கா பிளஸ்’ஸைத் தொடங்கியபிறகு கடைசி மூன்று அத்தியாயங்களைக் காசில்லாமல் வாசிக்கலாம். அதுக்கு முதல், நேர்வழியில் வாசிக்க எங்களுக்கு இருந்த வழி குறைவு. விஸ்ஸின் சொந்த ஆப் இந்தியாவுக்கு உண்டு, பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் இல்லை. அதனால் ஸ்கான் வாசித்து வளர்ந்த ஆக்களைப் பார்த்துக் கள்ளர் எண்டு நாங்கள் சொல்லமாட்டம். கடற்கொள்ளையர் கதையை வேறு எப்பிடி வாசிக்கிறது!

ஸ்கான்காரரின் முக்கியமான வாதம், தங்கட மொழிபெயர்ப்புத்தான் ‘உண்மையானது’ என்பது. அதற்கு அவர்கள் எப்பவும் காட்டுகிற சொல் ‘நகாமா’. லூஃபி தன் கப்பல்காரரைக் குறிக்கிற சொல் அது. விஸ் அதை இடத்துக்கு ஏற்றபடி வேறு வேறு ஆங்கிலச் சொற்களால் நிரப்பும். ஒரு காலத்து ரசிகர் பிரதிகள் அதை மொழிபெயர்க்கவே மறுத்து நகாமா என்றே விட்டன. ஆங்கிலத்தில் அதற்குச் சொல்லே இல்லை, அவ்வளவு புனிதம் என்பது அவர்கட கட்சி. யப்பானில் அது சாதாரணமாகப் புழங்குகிற சொல் எண்டு மற்றவை எவ்வளவு சொல்லியும் பலனில்லை.

இந்தச் சண்டை எங்களுக்குள் வந்தபோது மட்டக்களப்பில் இருந்து வருகிற கூட்டாளி ஒருத்தி கேட்டாள்: “கூட்டாளி எண்டு போட்டால் முடிஞ்சுதே, இதுக்கு ஏன் அடிபடுறீங்க?” எல்லாரும் ஒரு நிமிசம் கப்சிப். தமிழ்நாட்டில் கூட்டாளி என்றால் வியாபாரப் பங்காளி, அல்லது களவுக்கு உடந்தையாகப் போனவன். எங்களுக்கு அது சிநேகிதப்பிடிப்புள்ள ஆள், கூடப் படிச்சவன், மதில் பாய்ந்து மாங்காய் பறிக்க வந்தவன். நண்பனும் உடந்தையும் ஒரே சொல்லுக்குள். கடற்கொள்ளையருக்கு இதைவிட வேற என்ன வேணும்? எங்களுக்கு ஒரு மங்காவும் தமிழில் வரவில்லை, ஆனால் சொல் மட்டும் தயாராக இருக்கிறது.

அதுக்குப் பிறகு நாங்கள் ஆங்கிலத்தில் விழுந்துபோனவற்றைத் தேடத் தொடங்கினம். ஸோலோ எல்லாம் சின்ன விசயம். பெரிய இழப்பு ‘யூ’ என்கிற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. யப்பானிய மொழியில் முன்னால் நிற்கிறவரைக் குறிக்கப் பல சொற்கள். லூஃபி அரசனோடு கதைத்தாலும் மீன்காரனோடு கதைத்தாலும் ஒரே ‘ஓமாயே’தான், அதாவது ‘நீ’. ப்ரூக் என்கிற தொண்ணூறு வயது எலும்புக்கூடு, தன்னைவிட எழுபது வயது குறைந்த கப்பற்தலைவனுக்குப் பெயரோடு ‘ஸான்’ சேர்த்து, மரியாதை குறையாமல் கதைக்கும். ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ‘யூ’. தமிழில் இதைச் செய்ய யோசிக்கவே தேவையில்லை: ஒருத்தன் ‘நீ’, மற்றவர் ‘நீங்கள்’. யாழ்ப்பாணத்தில் நடுவில் ஒரு ‘நீர்’ வேறு இருக்கிறது. அதை ஆருக்குக் குடுக்கிறது எண்டு ஒரு பின்னேரம் முழுக்கக் கதைச்சம். ரொபினுக்குத்தான் எண்டு முடிவு. கப்பலில் சேர்ந்த புதிதில் அவள் ஒருத்தரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். ‘வாள்வீரர்’, ‘சமையற்காரர்’ எண்டு தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். மரியாதைதான், ஆனால் கை நீட்டித் தள்ளிவைக்கிற மரியாதை. ‘நீர்’ இரண்டையும் செய்யும். பின்னாளில் அவள் பெயர்களைச் சொல்லத் தொடங்குகிற இடம் ஒரு பெரிய மாற்றம். ஆங்கிலம் மட்டும் வாசித்தால் கண்ணில் படாமலே போகும்.

வைட்பியேர்டை அவருடைய ஆக்கள் ‘ஓயாஜி’ எண்டு கூப்பிடுவினம். பெத்த தகப்பன் இல்லை, ஆனாலும் அப்பா. அதுவும் கொஞ்சம் கரடுமுரடான அப்பா. விஸ் ‘பொப்ஸ்’ எண்டு போட்டது. எங்களுக்கு அது அமெரிக்க ரிவி நாடகத்தில் பேஸ்போல் மட்டையோடு நிற்கிற தகப்பனைத்தான் கொண்டுவருகுது. மரின்ஃபோர்ட் சண்டையில், அவ்வளவு சாவுக்கு நடுவில், அந்தச் சொல் உறுத்தும். ‘அப்பு’ எண்டு ஒருத்தர் சொன்னார். ‘கிழவன்’ எண்டு இன்னொருத்தர். ஹற்றன் கூட்டாளி ‘ஐயா’ எண்டான், பிறகு தானே வேண்டாம் என்றான், தோட்டத்தில் ஐயா எண்டால் வேற ஆளாம். இது இன்னும் தீரவில்லை.

சத்தங்களும் அப்பிடித்தான். விஸ் பதிப்பில் சத்தச் சொற்களை அழித்து ஆங்கில எழுத்தில் மாற்றி வரைவார்கள். ஸ்கானில் பெரும்பாலும் யப்பானிய எழுத்தை அப்பிடியே விட்டுப் பக்கத்தில் சின்னனாகக் குறிப்புப் போடுவார்கள். படத்தில் ஒரு பகுதியான எழுத்தை அழிப்பது அநியாயம் என்பதில் நாங்கள் ஸ்கான்காரர் பக்கம். யப்பானியத்தில் நிசப்தத்துக்குக்கூட ஒரு சத்தம் உண்டு, ‘ஷீன்’. ஆங்கிலம் இதற்கெல்லாம் தடுமாறும். சாதாரண தரத்தில் இரட்டைக்கிளவி பாடமாக்கின எங்களுக்கு மளமள, சலசல, பளார், தடால் எண்டு கை நிறைய இருக்கிறது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு விஸ் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம். கதை எங்கே போகும் எண்டு தெரியாமல் வாராவாரம் மொழிபெயர்க்கிற வேலை அது. கடைசித் தீவின் பெயரை எடுங்கோ. இருபது வருடமளவாக எல்லாரும், ஸ்கான்காரர் உட்பட, ‘ராஃப்டெல்’ என்று எழுதினார்கள். யப்பானிய எழுத்து அப்பிடித்தான் ஒலித்தது. 2019இல் ‘ஸ்டாம்பீட்’ படத்தில் அந்தப் பெயர் ஆங்கில எழுத்திலேயே தெரிந்தது: ‘லாஃப் டேல்’. சிரிப்புக் கதை. 2020இல் 967ஆம் அத்தியாயத்தில், ரோஜர் அந்தத் தீவில் என்ன செய்தார், ஏன் அந்தப் பெயர் எண்டும் வந்தது. மர்மத்தின் ஒரு துண்டு அத்தனை வருடமும் பெயருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அதை முன்கூட்டியே எந்த மொழிபெயர்ப்பாளரால் எடுத்திருக்க முடியும்? ஓடா இன்னொரு விளையாட்டும் விளையாடுவார். யப்பானியத்தில் கஞ்சி எழுத்துக்குப் பக்கத்தில் (சிரிக்கவேண்டாம், அதன் பெயரே அதுதான்) எப்பிடி உச்சரிப்பது எண்டு சின்ன எழுத்தில் போடும் வழக்கம் உண்டு. அவர் பெரிய எழுத்தில் ‘மகத்தான கடல்வழி’ எண்டு எழுதி, சின்ன எழுத்தில் ‘கிராண்ட் லைன்’ எண்டு போடுவார். யப்பானிய வாசகருக்குக் கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. மற்ற எல்லாருக்கும் பாதிதான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எங்களுக்குள் மொழிபெயர்ப்புச் சண்டை வந்ததே இல்லை. ரொபினின் ஊர் ஒஹாரா. அறிஞர்களின் தீவு. நடுவில் ஒரு பெரிய மரம், மரத்துக்குள் நூலகம். தடைசெய்யப்பட்ட வரலாற்றை வாசித்தார்கள் என்பதற்காக உலக அரசு போர்க்கப்பல்களை அனுப்பித் தீவையே எரிக்கிறது. எரிகிற மரத்துக்குள் நின்று அறிஞர்கள் புத்தகங்களை யன்னலால் ஏரிக்குள் எறிகிறார்கள். எட்டு வயது ரொபின் மட்டும் தப்புகிறாள், குற்றவாளியாக. வெளிநாட்டு வாசகர் சிலர் இந்தப் பகுதி அளவுக்கு மிஞ்சின சோகம் எண்டு எழுதியிருந்ததை வாசித்தோம். ஓடா யாழ்ப்பாணத்தை நினைத்து வரைந்தார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் 1981இல் 97,000 நூல்களளவில் எரிந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த ஆக்களுக்கு அது மிஞ்சின சோகமாகத் தெரியாது. ஸ்கானோ, விஸ்ஸோ, எந்த ஆங்கிலத்தில் வாசித்தாலும் கதை நேராக வந்து இறங்கியது. 2022இல் 1066ஆம் அத்தியாயத்தில், ஏரியில் எறிந்த புத்தகங்களை இராட்சதர்கள் வந்து மீட்டுக்கொண்டு போனார்கள் என்று வந்த ஞாயிறு, எங்கட வட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தரும் ஸ்பெல்லிங் பிழை பிடிக்கவில்லை.

சண்டை வந்தது அந்தக் கட்டத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான். 398ஆம் அத்தியாயத்தில், இருபது வருடம் ஒளிந்து திரிந்த ரொபின், தனக்குச் சாவு வேண்டாம், உயிர் வேணும் என்று கூட்டாளிகளைப் பார்த்துக் கத்துகிறாள். யப்பானிய மொழி அந்த ஆசையை ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஹற்றன்காரன் ‘வாழணும்’ என்றான். சினிமா வசனம் மாதிரி இருக்கு எண்டு தள்ளினம். யாழ்ப்பாணத்து ஆள் ‘சீவிக்கோணும்’ எண்டு எழுதினார். அது சோறு தண்ணிக்கு வழி பார்க்கிற மாதிரி இருக்காம். மட்டக்களப்புக்காரி ஒன்றும் சொல்லாமல் பென்சிலால் எழுதிக் காட்டினாள்: ‘உசிரோட இரிக்கணும்’.

அதற்குப் பிறகு மற்ற இரண்டையும் ஒருத்தரும் பேசவில்லை. இப்ப பிரச்சினை வேற. யப்பானிய எழுத்து மேலிருந்து கீழே ஓடுவதால் பேச்சுக் குமிழி ஒடுக்கமாக, உயரமாக இருக்கிறது. ‘உசிரோட’ ஒரு வரி, ‘இரிக்கணும்’ அடுத்த வரி. எழுத்தை எவ்வளவு சின்னனாக்கினாலும் கடைசி ‘ம்’ கோட்டுக்கு வெளியே நிற்கிறது.