அம்மாச்சி கண்ணும் ஒரு துளி நொதியும்

“பயோடெக்கா? அதுல என்னப்பா பண்ணுவீங்க?” இந்தக் கேள்வியைச் சந்திக்காத பயோடெக் மாணவன் தமிழ்நாட்டுல இருக்க முடியாது. இனிமே யாராவது கேட்டா, ஒரு நொதியைப் பத்திச் சொல்லலாம்னு இருக்கேன்.

அது பேரு கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2. நம்ம ரத்தச் சிவப்பணுக்குள்ள இருக்கு. கார்பன் டை ஆக்சைடையும் தண்ணியையும் சேர்த்து பைகார்பனேட்டா மாத்தும். ஒரே ஒரு மூலக்கூறு, ஒரு நொடிக்குச் சுமார் 10 லட்சம் தடவை இந்த வேலையைச் செய்யும். நாம இந்த வரியைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அது எத்தனை லட்சம் தாண்டியிருக்கும்னு கணக்குப் போட்டுக்கோங்க. இத்தனைக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கறது ஒரே ஒரு துத்தநாக அயனி.

1933-ல் மெல்ட்ரம், ரஃப்டன் இருவரும் இந்த நொதியை ரத்தத்துல இருந்து பிரிச்சுக் காட்டினாங்க. இப்போ மனித நொதி வேணும்னா மனித ரத்தம் தேவையில்ல. அதுக்கான மரபணுவை ஒரு பிளாஸ்மிட்ல ஏத்தி, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள்ள விட்டுட்டா போதும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாங்க அதைத்தான் செஞ்சோம். பாக்டீரியா வளர்ற திரவத்துல கொஞ்சம் துத்தநாக உப்பு, சரியான நேரத்துல ஐபிடிஜி, அப்புறம் செல்லை உடைச்சு நிக்கல் காலம்ல ஓட்டணும். ஜெல்லுல 29 கிலோடால்ட்டன் பக்கத்துல பட்டையா ஒரு கோடு விழுந்த அன்னிக்கு, கேன்டீன்ல மூணு பேருக்கும் டீ என் செலவு.

ஆனா ப்ராஜெக்ட்டோட நோக்கம் அந்த நொதியைத் தயாரிக்கறதோட முடியல. அதைத் தடுக்கணும். ஏன்னா, இதே நொதி கண்ணுக்குள்ளயும் இருக்கு. கண்ணுக்குள்ள திரவம் சுரக்கறதுக்கு இது உதவும். சுரக்கற திரவம் சரியா வெளியேறலன்னா அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும். அதுதான் கிளாக்கோமா.

இது எனக்குப் பாடமா வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள வந்துடுச்சு. எங்க அம்மாச்சிக்கு ரெண்டு கண்ணுலயும் கிளாக்கோமா. நேரா பார்த்தா ஆள் தெரியும், பக்கத்துல வர்ற வண்டி தெரியாது. டாக்டர் எழுதிக் கொடுத்தது டோர்சோலமைடு கலந்த சொட்டு மருந்து. அம்மாச்சி ஒரு மாசம் போட்டுட்டு நிறுத்திட்டாங்க.

“ஊத்துனா எரியுது, தொண்டை வரைக்கும் கசக்குது. பார்வை ஒண்ணும் கூடலையே. எதிர்த்த வீட்டுக்காரி புரை ஆபரேஷன் பண்ணி மறுநாளே ஊசி கோர்க்கறா. எனக்கு மட்டும் ஏன்யா இப்படி?”

நியாயமான கேள்வி. புரையில மங்கின லென்ஸை மாத்திடலாம். செத்த நரம்பை மாத்த முடியாது. இந்த மருந்து இருக்கற பார்வையைக் காப்பாத்தத்தான். ஆனா ‘குறையாம இருக்கு’ங்கறதை எப்படிக் கண்ணால காட்டறது?

லீவுக்குப் போனப்போ போன்ல இருந்த ஒரு போட்டோவைக் கிட்டக்க கொண்டுபோய்க் காட்டினேன். எங்க சோதனையில நொதி வேலை செஞ்சா கரைசல் மஞ்சளாகும். ஒரு குழியில நல்ல மஞ்சள். பக்கத்துக் குழியில அதே நொதி, கூட அசிட்டசோலமைடு. டோர்சோலமைடோட குடும்பத்து மருந்துதான். அது துத்தநாகத்தைப் போய்ப் பிடிச்சுக்கும். அங்க லேசான மஞ்சள் மட்டும்.

“அம்மாச்சி, உன் கண்ணு ஒரு தொட்டி. தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கு. குழாய் ஓடிக்கிட்டே இருக்கு. இந்த மருந்து குழாயைக் கொஞ்சம் மூடுது.”

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “நீங்க செய்யற அந்தச் சாமானை என் கண்ணுல விட்டா ஆகாதா?”

சிரிப்பு வந்துடுச்சு. ஆகவே ஆகாது. ஏற்கெனவே கண்ணுல வேலை செய்யற அதே ஆளைக் கூடுதலா அனுப்பற மாதிரி அது. தவிர, பாக்டீரியாவுல இருந்து எடுத்த லேப் சரக்கு உடம்புக்குள்ள போற அளவுக்குச் சுத்தம் கிடையாது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’னு இந்த மாதிரிப் புரதக் குப்பிகள்ல ஒட்டறது சும்மா இல்ல. மருந்து எது, விஷம் எதுன்னு கண்டுபிடிக்க உதவற அளவுகோல் அது. அதுவே மருந்து ஆகாது.

கெமிஸ்ட்ரி நண்பர்கள் கொடுத்த சேர்மங்கள் எதுவும் அசிட்டசோலமைடை நெருங்கல. ரிப்போர்ட்டுல அதை அப்படியேதான் எழுதினோம். ஒரு கதவு மூடியிருக்குன்னு தெரிஞ்சா, அடுத்து வர்றவங்களுக்கு ஒரு வருஷம் மிச்சம்.

அம்மாச்சி இப்போ சொட்டு மருந்தை விடறதில்ல. போன பார்வை திரும்பல, திரும்பவும் திரும்பாது. ஆனா, வாசல்ல நான் வந்து நின்னா இன்னும் முகம் பார்த்துத்தான் பேர் சொல்றாங்க.

கிளாக்கோமா பரம்பரையாவும் வரலாம். ஆரம்பத்துல வலிக்காது, சொல்லாமத்தான் வரும். அதனால போன மாசம் அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் கண் அழுத்தம் பார்த்தோம். உங்க வீட்டுல தாத்தா, பாட்டி யாருக்காவது இது இருந்தா, இந்த செமஸ்டர் லீவுல அப்பா அம்மாவை ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.