நாங்கள் ஏன் பிவைடி எடுக்கவில்லை



கலியாண வீட்டுக்குப் போனாலும், ஜும்ஆ முடிந்து வெளியே வந்தாலும், இப்போது ஒரே கேள்விதான். "ரெண்டு பேருக்கும் கவர்மென்ட் சம்பளம். இன்னும் மோட்டார் சைக்கிள்தானா? ஒரு பிவைடி எடுக்கலாமே!" இதுவரை ஆளுக்கொரு சாட்டுச் சொல்லித் தப்பி வந்தோம். இன்று இருவரும் உட்கார்ந்து உண்மைக் காரணத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. அந்தக் காரில் நாங்கள் குறை காணவில்லை. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, மச்சான் ஒரு அட்டோ 3 எடுத்தார். நாங்களும் ஏறிப் போனோம். சத்தமில்லை, புகையில்லை. 1995 இல் சீனாவில் பற்றரி செய்யத் தொடங்கிய கம்பனி அது. 2022 இல் பெற்றோலில் மட்டும் ஓடும் கார்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. நல்ல கார்தான்.

இனி நாங்கள் சொன்ன சாட்டுகள்.

"கரண்ட் போனால் என்ன செய்வது?" என்றோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முழு நாடும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஆனால் கரண்ட் சில மணித்தியாலங்களில் திரும்பி வந்தது. 2022 இல் பெற்றோலுக்கு எத்தனை நாள் வரிசையில் நின்றோம் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தச் சாட்டு நிற்காது.

"கரண்ட் பில் கூடும்" என்றோம். பாடசாலைக்குப் போய்வர 24 கிலோமீற்றர். மாதம் இருபது நாளுக்கு 480. அதற்குச் சுமார் 80 அலகு போதும். வீட்டுப் பாவனை 90. இரண்டையும் கூட்டினாலும் 180 ஐத் தாண்டி அதிகூடிய கட்டணப் படிக்குப் போகாது. இதுவும் நிற்காது.

"வட்டி" என்றோம். இஜாரா முறையில் எடுக்கலாம். அதுவும் போயிற்று.

இப்போது உண்மைக் காரணம்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஒரு சீமெந்துத் தரை இருக்கிறது. 2022 நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் ஒழுங்காக நடக்காதபோது, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஆறு பேரை அதில் இருத்திக் கணிதம் படிப்பித்தோம். பாடசாலை திறந்த பிறகும் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. இன்று சாதாரண தரத்துக்குப் பதினாறு பேர். காசு வாங்குவதில்லை.

மச்சான் ஒருநாள் டேப்போடு வந்தார். கார் 4.455 மீற்றர் நீளம். எங்கள் தரை 5 மீற்றர். "அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு! இந்த வாங்குகள மட்டும் எடுத்தாச் சரி" என்றார். பிறகு போனில் கணக்குப் போட்டார். வயல்காணியை விற்று முற்பணம் கட்டினாலும், மாதத் தவணைக்கு எங்கள் ஒருவரின் சம்பளம் முழுதாகப் போகும். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. "இத டியூஷன் ஆக்குங்க. ஆளுக்கு ஆயிரத்தி ஐந்நூறு. அம்பது பேரச் சேருங்க."

அன்றிரவு வரவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். பதினாறு பேரில் மாதாமாதம் காசு தரக்கூடியவர்கள் நான்கு பேர். ஒரு பிள்ளையின் வாப்பா கடலுக்குப் போகிறவர். காற்று மாறினால் அந்த வீட்டில் உலை இல்லை. இன்னொரு பிள்ளையின் உம்மா வெளிநாட்டில் வீட்டுவேலை. அவள் மூத்தம்மாவோடு இருக்கிறாள். நேரத்துக்கு முன்பே வந்து வாங்குகளைத் துடைத்து வைப்பவள் அவள்தான். அவளிடம் போய் எப்படி ஆயிரத்து ஐந்நூறு கேட்பது? கேட்டால் தரமாட்டாள், சண்டையும் பிடிக்கமாட்டாள். அடுத்த நாள் வரமாட்டாள், அவ்வளவுதான்.

ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். மாரியில் மழைக்கோட்டுக்குள் மகள் நடுங்கும்போது மனம் ஆடும். உம்மாவை மட்டக்களப்புக் கிளினிக்குக்கு முச்சக்கர வண்டியில் கொண்டுபோய், வழியெல்லாம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும்போது இன்னும் ஆடும். "நமக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று மகள் கேட்டாள். வகுப்புப் பிள்ளைகளைக் காட்டிக் காரணம் சொன்னோம். முழுதாக ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. அவள் கோபமும் நியாயம்தான்.

கார் எடுத்தவர்களுக்கு அல்லாஹ் பறகத் செய்யட்டும். எங்கள் முடிவு எல்லோருக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. நாளை கையில் காசு சேர்ந்தால் இன்ஷா அல்லாஹ் நாங்களும் எடுக்கலாம். அப்போது முதலில் இன்னொரு கூரை போடுவோம்.

ஊராரிடம் ஒரேயொரு வேண்டுகோள். "எப்ப கார் எடுக்கிற?" என்று இளம் ஆசிரியர்களிடம் பகிடிக்கும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டுக் காணியை விற்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் தவணையைக் கடைசியில் கட்டுவது நம் பிள்ளைகளின் டியூஷன் காசுதான்.

நாளை அஸர் தொழுகைக்குப் பிறகு வகுப்பு உண்டு. கேத்திர கணிதம். பிள்ளைகள் கொம்பாஸ் பெட்டியைக் கொண்டு வரவும். இல்லாதவர்களும் வரவும், எங்களிடம் இரண்டு இருக்கிறது.