ஸ்மிர்னா உருண்டையும் ஒரு உருளைக்கிழங்கு சண்டையும்!

கிரீஸ்னு சொன்னதும் உங்க மனசுல வர்றது நீலக் கடல், வெள்ளை வீடு, காலண்டர் படம்தானே? அதெல்லாம் தெற்கே, தீவுகள்ல. நான் உங்களைக் கூட்டிட்டுப் போகப்போறது வடக்கே இருக்கிற தெஸ்ஸலோனிக்கிக்கு. கிரீஸோட இரண்டாவது பெரிய நகரம். துறைமுகம், யுனிவர்சிட்டி, எங்கே திரும்பினாலும் ஸ்டூடன்ட்ஸ்... ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் டின்னர் பத்தியே யோசிக்க ஆரம்பிக்கிற ஊர். லேப் ப்ராஜெக்ட்டுக்காக எட்டு வாரம் அங்கே இருந்தேன். இந்தக் கட்டுரையில லேப் வராது, பயப்படாதீங்க! ஒரு சாயங்காலம், ஒரு மார்க்கெட், ஒரு அடுப்படி. டின்னருக்கு சிக்கன் உருண்டை. அவ்வளவுதான்.

யுனிவர்சிட்டியிலேர்ந்தே கிளம்புவோம். 1925-ல தொடங்கின அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் ஊருக்கு நடுவுலயே இருக்கு. வாசல்ல மெட்ரோ. இந்த மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பிச்சது 2006-ல, முதல் ரயில் ஓடினது 2024 நவம்பர் 30-ல! பதினெட்டு வருஷம்... அதுக்குள்ள எவ்வளவு அரியர் இருந்தாலும் க்ளியர் பண்ணிடலாம். ஆனா காரணம் இருக்கு. தோண்டத் தோண்ட ரோமானியர் காலத்துத் தெரு, பைசாண்டியக் கடைவீதி, கல்லறை, தங்க இலைக் கிரீடம்னு வந்துக்கிட்டே இருந்திருக்கு. டிரைவர் இல்லாம ஓடுற அந்த ரயில்ல ஏறி, மூணாவது ஸ்டாப் வெனிசெலூவில் இறங்குங்க. ஸ்டேஷனுக்குள்ளேயே பழைய சலவைக்கல் ரோடு கிடக்கும். அதைப் பெயர்த்து எடுத்து, ஸ்டேஷனைக் கட்டி முடிச்சு, மறுபடியும் அங்கேயே கொண்டுவந்து பதிச்சிருக்காங்க. சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, நீங்க அங்கேயே நின்னுடுவீங்கன்னு தெரியும். நில்லுங்க, ஆனா கறிக்கடையைச் சாத்திடுவாங்க!

மேலே ஏறி வந்தா பக்கத்துலயே கப்பானி மார்க்கெட். குறுகலான சந்துகள், தொட்டி தொட்டியா ஆலிவ், கயிறு கட்டித் தொங்கவிட்ட காய்ஞ்ச மிளகாய், மீன் வாசனை, தொண்டை கிழியக் கூவுற வியாபாரிங்க. கறிக்கடையில போய் 'கிமாஸ்'னு கேளுங்க. கொத்துக்கறிக்கு அங்கே அதான் பேர். ஆமாம், நம்ம கீமா! துருக்கியில 'கிய்மா', இந்தியில 'கீமா', கிரேக்கத்துல 'கிமாஸ்'. உருண்டைக்குப் பேர் 'கேஃப்தேஸ்'. அது யாருன்னு பார்த்தா, ஹோட்டல் மெனுவுல மலாய் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற கோஃப்தாவோட சொந்தக்காரர். பாரசீகத்துல 'கூஃப்தன்'னா இடிக்கிறது, நசுக்கறது. அந்தச் சொல் கிழக்கே போனப்ப கோஃப்தா, மேற்கே போனப்ப கேஃப்தேஸ்.

கோழித் தொடைக்கறி அரைக் கிலோ, எலும்பும் தோலும் நீக்கி, உங்க கண் முன்னாடியே அரைச்சுத் தரச் சொல்லுங்க. ஜிம் பார்ட்டிங்க நெஞ்சுக்கறிதான் கேட்பீங்க. வேண்டாம். அதுல கொழுப்பு ரொம்பக் கம்மி, உருட்டிச் சுட்டா ரப்பர் பந்துதான் கிடைக்கும்.

கறிப் பையோட அப்படியே மோதியானோ மார்க்கெட் பக்கம் ஒரு எட்டு. எலி மோதியானோங்கிற யூதக் கட்டடக் கலைஞர் 1920-கள்ல கட்டின கூரைச் சந்தை. ரொம்ப நாள் பாழடைஞ்சு கிடந்து, 2022-ல புதுப்பிச்சுத் திறந்தாங்க. 1492-ல ஸ்பெயின் துரத்திவிட்ட யூதர்கள் வந்து குடியேறின ஊர் இது. நானூறு வருஷத்துக்கு மேல அவங்க வீட்டுக்குள்ள பழைய ஸ்பானிஷ்தான் பேச்சு. அவங்களுக்கும் ஒரு உருண்டை உண்டு. லீக்ஸை வேகவெச்சுப் பிழிஞ்சு, கொஞ்சூண்டு கறியோட பிசைஞ்சு பொரிக்கிறது. 1943-ல நாஜிக்கள் இந்த ஊர் யூதர்கள் 45,000-க்கும் மேற்பட்டவங்களை ரயில்ல அடைச்சு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினாங்க. திரும்பினவங்க மிகச் சிலர். நீங்க மெட்ரோ ஏறின கேம்பஸ் இருக்கே, அது அவங்களோட இடுகாடு இருந்த நிலம். 1942 டிசம்பர்ல அதை இடிச்சாங்க. கேம்பஸ்ல அதுக்கு ஒரு நினைவுச்சின்னம் வெச்சது 2014-லதான். அதைத் தாண்டித்தான் நான் தினமும் லேபுக்குப் போவேன். அந்த லீக்ஸ் உருண்டையைச் சமைக்கிற வீடுகள் இன்னிக்கு ஊர்ல ரொம்பக் கொஞ்சம்.

இனி மலையேற்றம். அனோ போலி, அதாவது மேல் ஊர். 1917-ல ஊரோட நடுப்பகுதியையே ஒரு தீ தின்னுடுச்சு. சுமார் 70,000 பேர் வீடிழந்தாங்க. மேல் ஊர் பெரும்பாலும் தப்பிச்சது. அதனாலதான் மரத்தாலான முன்மாடம் வெச்ச பழைய வீடுகளும், ஆளுக்கு ஒரு பூனை படுத்திருக்கிற படிக்கட்டுகளும் இன்னும் இருக்கு. மூச்சு வாங்கும். பாதியில நின்னு திரும்பிப் பாருங்க, வளைகுடா மொத்தமும் கீழே பளபளக்கும். நான் தங்கின வீடு அங்கேதான். கீழ்த்தளத்துல வீட்டுக்கார அம்மா. எழுபதைத் தாண்டினவங்க. கிரேக்கத்துல பாட்டியை 'யாயா'ன்னு கூப்பிடுவாங்க. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவங்க என்னைக் கூப்பிட்டது 'பெதிமு'. என் பிள்ளைன்னு அர்த்தம். அவங்க இங்கிலீஷும் என் கிரேக்கமும் சம அளவுல ஓட்டை, அதனால சண்டையே வரலை.

சிக்கன் கீமாவைப் பார்த்ததும் யாயா முகம் கொஞ்சம் சுருங்கும். ஒரிஜினல் மாட்டிறைச்சியிலதான். டாக்டர் அதட்டினதுல, வார நாள்ல கோழி, ஞாயிற்றுக்கிழமை பழைய முறைன்னு தனக்குத் தானே ஒரு ஒப்பந்தம் போட்டு வெச்சிருக்காங்க. இப்ப அவங்க கையையே பாருங்க. முந்தின நாள் ரொட்டி ரெண்டு துண்டைத் தண்ணியில ஊறப்போட்டுப் பிழியறாங்க. ஒரு வெங்காயத்தைத் துருவி, சாறோட சேர்க்கிறாங்க. ரெண்டு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் சீரகத்தூள், காய்ஞ்ச புதினா, ஒரு கைப்பிடி பார்ஸ்லி, ஒரு டீஸ்பூன் உப்பு, ரெண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய். பார்ஸ்லி கிடைக்கலைன்னா புதினாவைக் கூட்டிக்கோங்க. முட்டை? "கறி நல்லா இருந்தா எதுக்கு?"ன்னு கேட்டாங்க.

இதுக்குப் பின்னாடி ஒரு சின்ன சயின்ஸ் இருக்கு, சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது. உப்புப் போட்டுப் பிசையும்போது கறியில இருக்கிற மயோசின் புரதம் கரைஞ்சு பசை மாதிரி ஆகுது. அதான் உருண்டையைப் பிடிச்சு வைக்குது. ரொட்டியோட மாவுச்சத்து தண்ணியை வெளியே விடாம தாங்குது. கோழிக்கறியில இல்லாத சாறுக்கு அதுதான் ஈடு. ஆனா வெறி வந்த மாதிரி பிசைஞ்சீங்கன்னா பசை ஓவராகி, உருண்டை கெட்டிப்பட்டுப் போகும். ரெண்டு நிமிஷம் போதும். அரை மணி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு, கையை நனைச்சுக்கிட்டு உருட்டுங்க. பந்து மாதிரி இல்லை, கட்டைவிரல் கனத்துக்கு நீளமா! மேலே எண்ணெய் தடவி, 200 டிகிரி ஓவன்ல கால் மணி நேரம். ஓவன் இல்லாத ரூம்ல இருக்கிறவங்க தோசைக்கல்லுல திருப்பித் திருப்பிச் சிவக்க வைக்கலாம். அப்புறம் தக்காளி, பூண்டு, துளி சீரகம் போட்டுக் கொதிக்கிற குழம்புல பத்து நிமிஷம். நடுப்பாகம் 74 டிகிரி செல்சியஸ் தொடணும். கோழி விஷயத்துல அரைவேக்காட்டுக்கு இடமே கிடையாது. மொத்தத்துல முக்கால் மணி நேர வேலை, ஃப்ரிட்ஜ்ல தூங்கற நேரம் தனி.

அந்த நீள உருண்டைக்குப் பேர் 'சூத்சுகாக்யா ஸ்மிர்னேயிகா'. வாய் சுளுக்கிக்கும், மெதுவா சொல்லுங்க. துருக்கியில 'சுஜுக்'னு ஒரு நீளமான கறிச் சாசேஜ். அந்த வடிவத்தால வந்த பேர் முதல் பாதி. ரெண்டாவது பாதி, 'ஸ்மிர்னாவிலிருந்து வந்தது'. ஸ்மிர்னா எங்கே இருக்கு? கிரீஸ்ல இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், துருக்கியில. இன்னிக்கு அதுக்குப் பேர் இஸ்மிர்.

1919-ல கிரேக்க ராணுவம் அங்கே போய் இறங்குச்சு. மூணு வருஷப் போர். ரெண்டு பக்கமும் ஊர் ஊரா எரிஞ்சது. தோத்துப்போய் கிரேக்க ராணுவம் கிளம்பினதும், 1922 செப்டம்பர்ல ஸ்மிர்னாவோட கிரேக்க, ஆர்மீனியப் பகுதிகள் தீக்கிரையாச்சு. பின்னாடி நெருப்பு, முன்னாடி கடல், நடுவுல ஜனம். அந்தக் கூட்டத்துல ஒன்பது வயசுப் பொண்ணா நின்னவங்க யாயாவோட பாட்டி. 1923 ஜனவரியில லோசான்ல ரெண்டு அரசும் கையெழுத்துப் போட்டாங்க. துருக்கியில இருக்கிற ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, கிரீஸ்ல இருக்கிற முஸ்லிம்கள் துருக்கிக்கு. என்ன மொழி பேசறேன்னு யாரும் கேட்கலை, என்ன மதம்னு மட்டும்தான் பார்த்தாங்க. முன்னாடியே தப்பி ஓடினவங்களையும் சேர்த்து சுமார் 12 லட்சம் பேர் இந்தப் பக்கம், மூன்றரை லட்சத்துக்கும் மேல அந்தப் பக்கம். கிரீஸோட மக்கள்தொகையே அப்போ ஐம்பது லட்சம் சொச்சம்தான்! ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு 'பாவோக்' டீம் தெரிஞ்சிருக்கும். கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்த அகதிகள் 1926-ல இந்த ஊர்ல ஆரம்பிச்சது அது. வந்தவங்களை உள்ளூர்க்காரங்க 'துருக்கி விதை'ன்னு திட்டினாங்களாம். சாப்பாட்டுல சீரகம் போட்டாலே மூக்கைப் பொத்தினாங்களாம். யாயா இதைச் சொல்லும்போது சிரிக்கலை.

அன்னிக்கு டின்னருக்கு நான் கூட்டிட்டு வந்தது என் லேப்மேட். எக்ஸ்சேஞ்ச்ல வந்தவ, ஊரு இஸ்மிர்! தட்டு வந்ததும் முதல் கேள்வி, "உருளைக்கிழங்கு எங்கே?" அவங்க ஊர்ல இதே நீள உருண்டை, இதே தக்காளிக் குழம்பு, கூட வறுத்த உருளைக்கிழங்கும் குடமிளகாயும். பேர் 'இஸ்மிர் கோஃப்தே'. ரெண்டு நாடும் ஒரே பண்டத்துக்கு ஒரே ஊர் பேரைத்தான் வெச்சிருக்கு, ஆளுக்கு ஒரு மொழியில.

யாயா கரண்டியைக் கீழே வெச்சுட்டாங்க. உருளைக்கிழங்கு போட்டா குழம்பைக் குடிச்சிடுமாம். அவ விடலை. குழம்பைக் குடிச்சாத்தான் உருளைக்கிழங்குக்கே ருசியாம். மொழிபெயர்க்கிற எனக்கு மூச்சு முட்டிச்சு. நடுவுல அவ தன் வீட்டுக் கதையைச் சொன்னா. அவளோட கொள்ளுப்பாட்டி குடும்பம் கிரீட் தீவுல இருந்த முஸ்லிம்கள். வீட்டுல பேசினது கிரேக்கம் மட்டும்தான். மத அடையாளத்துக்காகத் துருக்கிக்கு அனுப்பப்பட்டவங்களை அங்கே கூப்பிட்ட பேர் 'அரை காஃபிர்'. கொள்ளுப்பாட்டி சொல்லிக்கொடுத்து அவளுக்கு நாலஞ்சு கிரேக்கச் சொல் தெரியும், பாதி கீரை பேர்! அதை அவ சொல்லச் சொல்ல, யாயா உச்சரிப்பைத் திருத்திக்கிட்டே அவ தட்டுல இன்னும் ரெண்டு உருண்டை வெச்சாங்க. உருளைக்கிழங்கு விஷயத்துல மட்டும் கடைசிவரை ரெண்டு பேரும் இறங்கி வரலை.

கிரீட்னு சொன்னதும் 'ஹெல்தி' மேட்டர் ஞாபகம் வருது. மெடிட்டரேனியன் டயட்னு உலகமே பேசறதுக்கு அந்தத் தீவுதான் முக்கியக் காரணம். ஆன்செல் கீஸ்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி 1958-ல ஆரம்பிச்ச ஏழு நாட்டு ஆய்வுல, கிரீட் ஆண்களுக்கு இதய நோய் ரொம்பக் கம்மின்னு தெரிய வந்தது. 2010-ல இந்த உணவுமுறையை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, 1948-ல ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் அதே தீவுல வீடு வீடாப் போய் சாப்பாட்டைப் பத்திக் கேட்டிருக்கு. பெரும்பாலான குடும்பங்கள் திருப்தியா இல்லை. அவங்க ஆசைப்பட்டது கறி! உலகப் போர் முடிஞ்ச சமயம், கறி வாங்கக் காசில்லை. போதாததுக்கு ஆர்த்தடாக்ஸ் விரத நாட்கள் வேற. அதனால கீரை, பயறு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய். இன்னிக்கு நாம காசு கொடுத்து ஃபாலோ பண்ற டயட், அவங்க வேற வழியில்லாம சாப்பிட்டது.

உருண்டையிலயும் அதே கணக்குத்தான். அரைக் கிலோ கறியில ரொட்டியும் வெங்காயமும் தழையும் சேர்த்தா ஆறு பேருக்குக் காணும். அகதி வீட்டு அடுப்புல அது சிக்கனம், நம்ம தட்டுல அது டயட். அதனால ஆலிவ் எண்ணெயை மேலே கவிழ்த்துட்டா ஹெல்தி ஆயிடும்னு நினைக்காதீங்க பாஸ். ஒரு டேபிள்ஸ்பூன்ல சுமார் 120 கலோரி இருக்கு. ஆளுக்கு மூணு உருண்டை, பக்கத்துல தட்டு நிறைய வெள்ளரி, தக்காளி, ஒரு கரண்டி தயிர், கொஞ்சம் சோறு. யாயா வீட்டு அளவு இதுதான்.

மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்கும். காலையில சூடு பண்ணி, பீட்டா ரொட்டிக்குள்ள தயிரும் பச்சை வெங்காயமும் வெச்சுச் சுருட்டிக்கிட்டு காலேஜுக்குக் கிளம்பிடலாம். என் லேப்மேட் அதுக்குள்ளயும் உருளைக்கிழங்கு வெச்சு எடுத்துட்டு வந்தா. யாயாகிட்ட நான் சொல்லலை.