நடுவர் நாற்காலி



ஆணா பெண்ணா என்ற பேச்சை எடுத்தாலே நம் தோட்டங்களில் குரல் உயர்ந்துவிடும். கோயில் கணக்கில் வரும் சண்டை மறுநாள் ஆறிவிடுகிறது. இந்தச் சண்டையோ வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்காகப் பேசாமலே இருந்துவிட முடியுமா? நாம் வாய் மூடியிருந்தால், நம் பெண்பிள்ளைகளின் காரியங்கள் பேச்சில்லாமலே முடிவாகிவிடும்.

எங்கள் தோட்ட மண்டபத்தில் பெற்றோர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஆசிரியை என்பதால் நடுவர் நாற்காலி எனக்கு. அங்கே கைகண்ட சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, யார் வீட்டையும் இழுக்கக் கூடாது. "உன் தங்கச்சி என்ன செய்தாள் தெரியாதா?" என்று ஒருவர் தொடங்கினால், அத்துடன் அவர் முறை முடிந்தது. கருத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மறுக்கலாம்.

இரண்டாவது, மறுப்பவர் முதலில் எதிரே இருப்பவர் சொன்னதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், நான் சொன்னது அதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. பாதிச் சண்டை இதிலேயே அடங்கிவிடும். பல நேரங்களில் நாம் யாரும் சொல்லாததற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

மூன்றாவது, சீட்டுப் பெட்டி. மாமனார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மருமகள் வாய் திறக்கமாட்டாள். பெயர் போடாமல் எழுதிப் போடலாம், நான் படிப்பேன். ஏச்சு இருந்தால் படிக்காமல் கிழித்துவிடுவேன்.

ஒரு மாதம், ஐந்தாம் படிவம் முடித்த பெண்ணை வெளியூர் விடுதியில் விட்டுப் படிக்க வைக்கலாமா என்று பேச்சு. "காலம் கெட்டுக் கிடக்கிறது" என்றார் ஒரு பெரியவர். பல தலைகள் ஆடின. "டீச்சர், நீங்களும் பொம்பளைதானே, எங்கள் பக்கம் எப்படிப் பேசுவீர்கள்?" என்றும் கேட்டார். "அதனால்தான் ஐயா, மணியை உங்களிடம் தருகிறேன். யாராக இருந்தாலும் மூன்று நிமிடம்" என்றேன். தம் கட்சிக்காரரே நேரம் தாண்டியபோது அவர் மணி அடித்தார். பிறகு அந்தக் குறை எழவில்லை.

அன்று பெட்டியில் ஒரு சீட்டு. "விடியுமுன் இருட்டில் பால் வெட்டப் போனேன். அப்போது எனக்காக யாரும் பயப்படவில்லை. என் மகள் படிக்கப் போகும்போது மட்டும் எல்லாருக்கும் பயமா?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. சற்றுப் பொறுத்து அதே பெரியவர், "விடுதியில் பொறுப்பாக யார் இருப்பார்கள்? மாதம் என்ன செலவாகும்?" என்று கேட்டார். மானத்தைப் பற்றிய பேச்சு வழிச்செலவைப் பற்றிய பேச்சாக மாறியது. அதன் பிறகுதான் தாய்மார்களும் வாய் திறந்தார்கள்.

நடுவர் என்றால் எதற்கும் தலையாட்டுவது என்று எண்ணிவிடாதீர்கள். சட்டத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லியாக வேண்டும். "பிள்ளை விஷயத்தில் அப்பன் சொல்வதுதான் சட்டம்" என்று ஒருவர் சொன்னால், முஸ்லிம் அல்லாதாருக்கான பாதுகாவலர் சட்டம் 1999இல் திருத்தப்பட்டுத் தாய்க்கும் சம உரிமை வந்துவிட்டது என்று நான் சொல்லிவிடுவேன். 2001இல் நம் அரசியலமைப்பின் 8ஆவது விதியிலும், பால் வேறுபாடு காட்டலாகாது என்று சேர்த்தார்கள். இவை ஓட்டெடுத்து முடிவு செய்யும் காரியங்கள் அல்ல.

என் தொழிலிலேயே ஒரு பாடம் உண்டு. ஒரு காலத்தில் ஒரே வகுப்பு, ஒரே பாடம் என்றாலும் ஆசிரியைக்குச் சம்பளம் குறைவு. 1960இல் அமைந்த பெண் ஆசிரியர் சங்கம், ராசம்மா பூபாலன் தலைமையில் சம ஊதியம் கேட்டுப் போராடியது. பின்னர் அது கிடைத்தது. இன்று சம்பள நாளில் அதைப் பற்றி யாராவது தர்க்கம் செய்கிறார்களா? சூடான பேச்சும் ஒருநாள் சாதாரண நடப்பாகிவிடும்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் தோட்டத்திலும் ஒரு பழைய பிஸ்கட் டின்னைச் சீட்டுப் பெட்டியாக வைத்துப் பாருங்கள். பின்வரிசையில் இருக்கும் தாய்மார்களுக்கு ஆளுக்கொரு காகிதமும் பென்சிலும் கொடுங்கள். அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு முன்வரிசைக்காரர்கள் பேசட்டும்.