பிரேக்கின் நோய்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் வகை வண்டியொன்று எங்கள் இல்லத்தில் இன்னும் உழைக்கின்றது. சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை நோக்கி வீராணம் ஏரிக்கரைமீது செல்லுங்கால், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பின்னும் அது இடப்புறமாக இழுத்தது. இடப்புறமோ சரிவு, பின்னிருக்கையில் குழந்தைகள்!

மெக்கானிக்குகள் இருவர் லைனிங்கையும் வீல் சிலிண்டரையும் மாற்றினர். பயனில்லை. (உதிரிகளை மாற்றிப் பார்ப்பது நோய்நாடல் ஆகுமோ?) மூன்றாமவர் சிதம்பரத்து முதியவர். முன்சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி, பிரேக்கை மிதித்துவிடச் சொன்னார். சக்கரம் சுழலவில்லை. ரப்பர் ஹோசுக்கு மேலுள்ள இணைப்பைத் தளர்த்தினார்; அப்போதும் இறுக்கமே. பிளீடர் நிப்பிளைத் திறந்ததும் எண்ணெய் பீறிட்டது. சக்கரம் தாராளமாகச் சுழன்றது. எனவே, அடைப்பு இடையிலுள்ள ஹோசிலேயே! வெளியே பழுதின்றித் தோன்றிய ரப்பர் உள்ளே உப்பியிருந்தது. மிதிக்கும் விசையில் சென்ற எண்ணெயைத் திரும்பவிடாமல் தடுத்தது.

மறுபுறத்து ஹோசையும் உடனே மாற்றச் சொன்னார் அவர்; இரண்டிற்கும் வயது ஒன்றுதானே!